தகப்பனுடைய நம்பரையும் தாருங்கள்

இந்தக் காலபோக அறுவடைக்குள் இப்படி நான் காணும் மூன்றாவது பிள்ளை இது. பிறந்து ஐந்தாம் நாள், உள்ளங்கை வரை மஞ்சள், பால் உறிஞ்சவும் தெம்பில்லை. "ரெண்டு நாளாக் காலை வெயில்ல பிடிச்சனாங்கள் மிஸ்ஸி" என்றார் தகப்பன். ஆர் சொன்னது என்று கேட்டேன். போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வீட்டுக்குப் போனால் தகப்பன் வயலில் நிற்பார். கண்டாலும் "அம்மாட்டச் சொல்லுங்கோ" என்று நழுவுவார். ஆனால் இரவில் பிள்ளைக்கு ஒன்றென்றால் ஓட்டோ பிடிப்பதா, விடியட்டும் என்று இருப்பதா என்பதை முடிவெடுப்பது அவர்தான். பச்சை உடம்புக்காரி என்ன செய்வாள்?

வெயில் கதையைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் வரும், பெரும்பாலும் தானாகவே இறங்கும். வெயிலில் பிடித்ததால் மாறியது என்று நினைக்கிறீர்கள். பிடிக்காத பிள்ளைக்கும் மாறியிருக்கும். கூடிப்போன மஞ்சளுக்கு முற்றத்து வெயில் மருந்தே இல்லை. ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் அளவு பார்த்து, உடம்பு முழுக்கப் படும்படி நீல வெளிச்சத்தில் மணிக்கணக்காக வைப்பார்கள். அது வேறு, இது வேறு. மஞ்சள் மூளையைத் தாக்கினால் காது கேட்காமல் போகலாம், கைகால் வழங்காமல் போகலாம். பிறகு எந்த மருந்தாலும் மீட்க முடியாது. இந்தப் பிள்ளை தப்பிவிட்டது.

24 மணித்தியாலத்துக்குள் மஞ்சளா? உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளா? பால் குடிக்காமல் தூங்கியே கிடக்கிறதா? உடனே ஆஸ்பத்திரி. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு கட்டத் தேவையில்லை.

அவுஸ்திரேலியாவில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தகப்பன்மாருக்கென்றே குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள், மனைவி கர்ப்பமாக இருக்கும்போதிருந்து பிள்ளையின் முதல் வயது வரை. என்னால் முடிந்தது வட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவு. உழவுமெசினில் இருந்துகொண்டும் கேட்கலாம். அதைக் கேட்ட ஒரு தம்பி, ஏழாம் மாதத்தில் மனைவி "தலையிடிக்குது, கண் மங்குது" என்றதும் அன்றிரவே கொண்டுபோய்விட்டார். பிரஷர் நன்றாக ஏறியிருந்தது. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம்.

அதனால்தான் கேட்கிறேன் தம்பிமாரே, கிளினிக்கில் உங்கள் நம்பரையும் எழுதுங்கள். பிள்ளைக்குச் சீனித்தண்ணியும் வேண்டாம், தேனும் வேண்டாம், 6 மாதம் தாய்ப்பால் மட்டும். மனைவி இரண்டு கிழமைக்கு மேலாக அழுதுகொண்டிருந்தால் பிடிவாதம் என்று பேசாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். போனில் வைத்திய வீடியோ ஏதும் வந்தால், பிள்ளைக்குச் செய்து பார்க்க முதல் எனக்கு அனுப்புங்கள். இரவு பத்து மணியானாலும் பார்ப்பேன்.