காந்தக் காப்பும் ரேடிக்கல் ஜோடியும்

தனித்து நிற்கும் எலக்ட்ரான் ஆளுக்கொன்றாகக் கொண்ட இரண்டு மூலக்கூறுகள் ஒன்றாகப் பிறந்தால் அது ரேடிக்கல் ஜோடி. அதைப் பற்றி எங்கே பேசினாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "காந்தம் வேதிவினையை மாற்றும் என்கிறீர்களே, அப்போ அம்மாவின் மூட்டுவலிக்குக் கையில் போடும் காந்தக் காப்பு கேட்குமா?" கேட்காது. ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் விற்பவரின் பேச்சில் விழமாட்டோம்.

எங்கள் ஆய்வகத்தில் பைரீன், டைமெத்தில் அனிலின் என்ற இரண்டு கரிமச் சேர்மங்களைக் கரைப்பானில் கலந்து, கரைந்திருக்கும் ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டுப் புறஊதா ஒளியைப் பாய்ச்சுவோம். கரைசல் ஒளிரும். பக்கத்து மின்காந்தத்தை இயக்கினால் அந்த ஒளி சில சதவீதம் கூடும். அணைத்தால் பழையபடி இறங்கும். திரையில் கோடு ஏறி இறங்குவது எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

ஒளி பட்டதும் ஒரு எலக்ட்ரான் அனிலினிலிருந்து பைரீனுக்குத் தாவுகிறது. இருபுறமும் தனித்து நிற்கும் எலக்ட்ரான்கள், எதிரெதிர் ஸ்பின்களோடு (ஸ்பின் என்பது எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் பண்பு): இதுதான் சிங்லெட் ஜோடி. சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் நுண்ணிய காந்தப்புலம் அதை, ஸ்பின்கள் வேறு விதமாக இணைந்த ட்ரிப்லெட் நிலைக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். சிங்லெட்டாக மறுபடி சேர்பவைதான் ஒளிரும். வெளிக்காந்தம் வந்தால் மூன்று ட்ரிப்லெட் நிலைகளில் இரண்டு ஆற்றலில் விலகிவிடும். மாறும் வழி குறைய, ஒளி கூடுகிறது.

காந்தம் இங்கே வினையைப் பிடித்துத் தள்ளவில்லை. பூமியின் காந்தப்புலம் ஒரு எலக்ட்ரானோடு கொள்ளும் ஆற்றல், அறைவெப்ப ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜோடி பிரிவதற்குள், மைக்ரோ விநாடிக்கும் குறைவான நேரத்தில், எந்த வழியில் போவது என்பதை மட்டும் அது மாற்றுகிறது. பறவைகள் திசை அறிவதும் இப்படித்தானோ என்று 1978இல் இயற்பியலாளர் கிளாஸ் ஷுல்டனும் கூட்டாளிகளும் முன்மொழிந்தார்கள். 2021இல் ஐரோப்பிய ராபினின் கிரிப்டோகுரோம் 4 என்ற புரதம் ஆய்வகத்தில் காந்தத்துக்கு இசைவதை வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உயிருள்ள பறவையில் அதுவே நடக்கிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

சரி, காப்புக்கு வருவோம். நம் உடலில் பெரும்பங்கான தண்ணீரில் எல்லா எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்தே இருக்கின்றன. காந்தத்தின் மேல் வைத்தால் ரேடிக்கல் பிறக்காது. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பும் ஆணியைப் போல் காந்தத்தில் ஒட்டுவதல்ல. பூமியைவிடச் சுமார் 30,000 மடங்கு வலிமையான 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ கருவிக்குள் முட்டியை நீட்டிப் படுக்கிறார்கள். வலி தீர்ந்து யாரும் எழுந்து வருவதில்லை.

அடுத்த முறை யாராவது "குவாண்டம் காந்த சிகிச்சை" என்றால் கேளுங்கள்: எந்த ரேடிக்கல் ஜோடி, எதிலிருந்து பிறக்கிறது, எவ்வளவு நேரம் நிலைக்கிறது? வலிக்கு மருத்துவரைப் பாருங்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வலுவான காந்தங்களை மார்பருகே கொண்டுபோகவே கூடாது. பேஸ்மேக்கரின் இயக்கமுறையையே அவை மாற்றிவிடக்கூடும்.