செம்பதிப்பை 'விமர்சனப் பதிப்பு' ஆக்காதீர்கள்

மகாபாரதம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் 'புனே விமர்சனப் பதிப்பின்படி' என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. புதிதாகப் படிப்பவர், பாரதத்தை யாரோ குறைகூறி எழுதிய நூல் இது என்றுதான் நினைப்பார்.

மகாபாரதச் சுவடிகளை ஒப்பிட்டு, நம்பத்தக்க மூலபாடத்தை நிறுவப் புனேயின் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்த வேலை இது. வி. எஸ். சுக்தங்கர் தலைமையில் வடிவம் பெற்றது. 1,259 கையெழுத்துப் பிரதிகள், 19 தொகுதிகள். ஆங்கிலத்தில் 'கிரிட்டிகல் எடிஷன்'. 'பிரித்தறிதல்' என்ற பொருளுடைய கிரேக்க வினைதான் வேர். தமிழில் செம்மை + பதிப்பு = செம்பதிப்பு. உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தாரே, அந்த வகை வேலைக்குப் பதிப்புத்துறையில் புழங்கும் சொல்.

"வடமொழியில் விமர்சம் என்றால் ஆராய்தல்தானே?" என்று வாதிடுவார்கள். வடமொழியில் சரி. தமிழில் அந்தச் சொல் பட விமர்சனத்துக்கும் அரசு மீதான விமர்சனத்துக்கும் போய்ப் பல காலமாகிறது. 'திறனாய்வுப் பதிப்பு' இன்னும் மோசம். திறனாய்வாளர் படைப்பின் நயத்தையும் குறையையும் எடைபோடுகிறார். பதிப்பாசிரியர் எடைபோடுவது சுவடிகளை. 'ஆய்வுப் பதிப்பு' தவறில்லை, ஆனால் நீண்ட முன்னுரை சேர்த்த எந்த நூலுக்கும் அது பொருந்திவிடும்.

பெயர் பிழைத்தால் வாசிப்பும் பிழைக்கிறது. துகிலுரியும் இடத்தைப் பாருங்கள். சபா பருவத்தைப் பதிப்பித்த ஃபிராங்க்ளின் எட்ஜெர்டனின் மூலபாடத்தில் திரௌபதி கண்ணனை அழைக்கும் வேண்டுதல் இல்லை. ஆடை இழுக்க இழுக்க வளர்வது மட்டும் இருக்கிறது, யார் தந்தது என்ற விளக்கம் இல்லாமல். 'விமர்சனம்' என்று படித்தவர், பக்தி பிடிக்காதவர்கள் வெட்டிவிட்டதாகக் கோபப்படுகிறார். வெட்டவில்லை. வேண்டுதல் சுவடிக்குச் சுவடி மாறுவதால் அதை அடிக்குறிப்புக்கு இறக்கியிருக்கிறார்கள். பிள்ளையார் எழுத்தராக வரும் கதையும் இப்படித்தான் ஆதி பருவத்தின் பிற்சேர்க்கைக்குப் போனது.

அதனால் பக்கத்தின் மேற்பகுதியில் உள்ள சுலோகங்களை மட்டும் படித்துவிட்டு 'இது பாரதத்திலேயே இல்லை' என்று எழுதாதீர்கள். அடியில் இருக்கும் பாட வேறுபாடுகளையும் சேர்த்துத்தான் செம்பதிப்பு. அங்கே T என்றால் தெலுங்கு எழுத்துச் சுவடி, G கிரந்தம், M மலையாளம். நட்சத்திரக் குறியிட்ட எண் இருந்தால், மூலபாடத்தில் சேராத சிறு பகுதி; பெரிய பகுதிகள் பிற்சேர்க்கையில். இவற்றை எல்லாம் மொத்தமாக 'இடைச்செருகல்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அது தீர்ப்புச் சொல். 'கூடுதல் பாடம்' என்றால் போதும், தீர்ப்பை வாசகர் சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுவதால் வரும் வினை இது.

'செம்' என்றதும் பிழையற்ற வியாச மூலம் என்று தோன்றாதா என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் செம்மைப்படுத்தியது பதிப்பை. வியாசரை மீட்டுவிட்டதாக யாரும் சொல்லவில்லை. கிடைத்த சுவடிகள் கொண்டுபோய்ச் சேர்க்கும் அளவுக்குப் பழைய வடிவம் என்பதே சுக்தங்கர் சொன்ன எல்லை. ஐயமுள்ள சொற்களுக்கு அடியில் நெளிகோடு போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்க்கும்போது அந்தக் கோட்டையும் கொண்டுவாருங்கள்.