நின்றே களைத்தவரிடம் புன்னகை கேட்கலாமா?

ஜவுளிக்கடை, நகைக்கடை, வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடை என்று எங்கிருந்து பயிற்சிக்கு அழைப்பு வந்தாலும், உரிமையாளர்கள் சொல்லும் குறை அநேகமாக ஒன்றுதான். பழைய வாடிக்கையாளர்கள் திரும்ப வருவதில்லை, ஆட்களுக்கு இன்முகமாகப் பேசத் தெரியவில்லை, ஒரு நாள் வகுப்பெடுத்துச் சரிசெய்து கொடுங்கள் என்பார்கள். வகுப்பெடுக்க நான் தயார்தான். அதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். கடந்த ஓராண்டில் வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியல் ஒன்று. ஊழியர்கள் மதியம் சாப்பிடும் இடத்தைப் போய்ப் பார்க்க அனுமதி இன்னொன்று.

இரண்டாவதைக் கேட்டதும் பலர் தயங்குவார்கள். காரணம், மாடிக்குப் போனால் தெரிந்துவிடும். கீழே எல்லாத் தளங்களிலும் ஏ.சி. ஓடும், வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், சந்தனம் வைத்திருப்பார்கள். மேலே தகரக் கூரையின் கீழ், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஊழியர்கள் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். கை கழுவ ஒரே குழாய், அதற்கு ஒரு வரிசை. அரை மணி நேர இடைவேளையில் நல்ல பங்கு அந்த வரிசையிலேயே கழிந்துவிடும். ஒரு நிமிடம் தாமதமாக இறங்கினால், வாடிக்கையாளர் முன்னிலையிலேயே மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்க வேண்டும். இத்தனையும் நடந்து முடிந்த அடுத்த நொடியில் அந்தப் பெண் மகிழ்ச்சியாகச் சேலை காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

எல்லாக் கடைகளும் இப்படியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்களைச் சொந்தப் பிள்ளைகளைப் போல் நடத்தும் முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடைகளில் கல்லாவுக்கு எதிரே நின்று அரை மணி நேரம் கவனித்தாலே போதும், வித்தியாசம் தெரியும். வருகிறவர்கள் ஊழியர்களைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

வாடிக்கை என்பது உண்மையில் அங்கேதான் உருவாகிறது. முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வந்திருப்பார்கள். பணம் கொடுப்பவர் ஒருவர், பேசுபவர் இன்னொருவர், முடிவு செய்பவர் மூன்றாவதாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தை. எவ்வளவு விலையில் பார்க்கலாம் என்று நேரடியாகக் கேட்டால் கூச்சப்படுவார்கள். அனுபவமுள்ள விற்பனையாளர் கேட்பதில்லை. முதல் நான்கைந்து சேலைகளை எடுத்துப் போடும்போது, யாருடைய கை விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறது, எந்த விலையில் அந்தக் கை நின்றுவிடுகிறது என்று கவனிப்பார். மணப்பெண்ணின் கண் எந்த நிறத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று பார்ப்பார். அத்தைக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். அரை மணி நேரத்தில் அந்தக் குடும்பத்துக்கு ஏற்ற சேலை மேலே வந்துவிடும். அந்தக் குடும்பம் வளைகாப்புக்கும் அடுத்த பெண்ணின் திருமணத்துக்கும் அதே கடைக்கு வந்து, “போன முறை எங்களுக்குக் காட்டினாரே, அவர் இருக்கிறாரா?” என்று கேட்கும்.

“அவர் நின்றுவிட்டார்” என்பது பதிலானால், அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கடையும் பக்கத்துக் கடையும் ஒன்றுதான்.

இந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இழப்பும் உண்டு. மாலை ஏழு மணிக்கு மேல் துணிக்கடையில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். காலையிலிருந்து நிற்கிறவருக்குக் கால் வீங்கியிருக்கும். உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றி, மேற்பார்வையாளர் பார்க்காத நேரத்தில் அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் வந்து, இதே ரகத்தில் மயில் கழுத்து நிறம் இருக்கிறதா என்று கேட்கிறார். அது மேல்தட்டில் இருக்கிறது. ஏணி போட்டு ஏற வேண்டும். “ஸ்டாக் இல்லைங்க” என்று பதில் வருகிறது. ஏறிப் பார்க்காமலேயே சொன்ன பதில் அது. சோம்பேறித்தனம் என்று இதைத் திட்டிவிடுவது சுலபம். பதினோரு மணி நேரம் நின்ற கால்கள் சொன்ன பதில் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். சரக்கு இருந்தும் விற்பனை போயிற்று, வந்தவரும் வேறு கடையைத் தேடிப் போனார்.

இதனால்தான் உட்காரும் உரிமையை வெறும் தொழிலாளர் பிரச்சினையாக நான் பார்ப்பதில்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளியின் தலைமையில் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டு கழிப்பறைக்காகவும் நாற்காலிக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். அதே சட்டம் வயதுவந்த ஊழியருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும் வைத்திருக்கிறது.

சட்டம் வந்த பின் பல கடைகளில் நாற்காலிகள் வந்துவிட்டன. நாற்காலி இருக்கிறதா என்பதோடு என் கேள்வி நிற்பதில்லை. முதலாளி தளத்துக்குள் வரும்போது உட்கார்ந்திருப்பவர் பதறி எழுகிறாரா, இல்லையா? பதறி எழுந்தால் அந்த நாற்காலி ஆய்வாளருக்காகப் போடப்பட்டது என்று பொருள்.

சிரிப்பதும் உழைப்புத்தான் என்பதை ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983-லேயே எழுதினார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அவர், சொந்த உணர்ச்சியை அடக்கிக்கொண்டு நிறுவனம் கேட்கும் உணர்ச்சியை முகத்தில் வரவழைப்பதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயரிட்டார். மூட்டை தூக்குகிறவருக்கு ஓய்வு தேவை என்பது நமக்குச் சொல்லாமலே புரிகிறது. நாள் முழுவதும் முகத்தைத் தூக்கி நிறுத்துகிறவருக்கும் அது தேவை என்பது இன்னும் புரியவில்லை. உதட்டில் மட்டும் இருக்கும் சிரிப்பை வாடிக்கையாளர் எளிதில் கண்டுகொள்வார். நம் ஊர்ப் பெண்கள் அதில் கெட்டிக்காரர்கள். “பேச்செல்லாம் நன்றாகத்தான் பேசினான், ஆனால் மனசு ஒட்டவில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஊழியரின் மனநிலைக்கும் வருமானத்துக்கும் உள்ள உறவை எண்ணால் காட்டச் சொல்லும் முதலாளிகளிடம் நான் சியர்ஸ் கதையைச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களில் ஒன்றான அது, 1992-இல் 390 கோடி டாலர் நஷ்டம் கண்டது. அதன்பின் தன் கடைகளில் ஊழியர் மனப்பான்மை, வாடிக்கையாளர் எண்ணம், வருமானம் மூன்றையும் தொடர்ந்து அளந்தது. 1998-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் அதன் முடிவுகள் வெளியாயின. ஊழியர் மனப்பான்மை 5 புள்ளி உயர்ந்தால் வாடிக்கையாளர் எண்ணம் 1.3 புள்ளி உயர்கிறது, அதனால் வருமான வளர்ச்சி 0.5 சதவீதம் கூடுகிறது. பெரிய கடைக்கு அரை சதவீதம் என்பது சின்னத் தொகையல்ல. அதே சியர்ஸ் 2018-இல் திவால் மனு கொடுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்வேன். சரக்கும் விலையும் காலத்துக்கு ஏற்ற முதலீடும் இல்லாவிட்டால் ஊழியரின் நல்ல மனம் மட்டும் கடையைக் காப்பாற்றாது. ஆனால் சரக்கும் விலையும் சரியாக இருந்தும் கூட்டம் குறைகிறது என்றால், பார்க்க வேண்டிய இடம் ஊழியர்களின் முகம்தான்.

மனத்தை உடைப்பதில் குறைந்த சம்பளத்துக்கு அடுத்தபடியாக நான் வைப்பது, அதிகாரமில்லாத பொறுப்பை. முதல் சலவையிலேயே சாயம் போய்விட்டது என்று சேலையோடு ஒருவர் வருகிறார். எதிரே நிற்கும் ஊழியருக்கு அது உண்மை என்று தெரியும். மாற்றிக் கொடுக்க அவருக்கு அனுமதியில்லை. சில கடைகளில், ஒப்புக்கொண்டால் அவர் சம்பளத்திலேயே பிடித்தம் செய்வார்கள் என்ற பயமும் உண்டு. அதனால் அவர் வாடிக்கையாளரோடு வாதாடுகிறார். வெந்நீரில் துவைத்தீர்களா, வெயிலில் போட்டீர்களா என்று குறுக்கு விசாரணை செய்கிறார். அவர் காப்பாற்றுவது கடையின் பெயரை இல்லை, தன் சம்பளத்தை. வந்தவர் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு அலைக்கழிக்கப்பட்டு, கடைசியில் மேலாளரிடம் போய்ச் சத்தம் போடுகிறார். மேலாளர் உடனே மாற்றிக் கொடுத்துவிடுகிறார். எப்படியும் மாற்றிக் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்தப் பெருமையைக் கீழே நிற்பவருக்கே கொடுத்திருக்கலாம். பிரிவுப் பொறுப்பாளர்களே ஒரு குறிப்பிட்ட தொகை வரை யாரையும் கேட்காமல் மாற்றிக் கொடுக்கலாம் என்று விட்டுவிடச் சொல்லி எல்லாக் கடைகளிலும் மன்றாடுகிறேன். விட்டுப் பார்த்த கடைகளில் குறைகேட்கும் கவுண்டரில் சத்தம் குறைந்தது. தங்களை நம்புகிறார்கள் என்று தெரிந்ததும் ஊழியர்கள் கடையின் பணத்தை முன்பைவிடக் கவனமாகச் செலவழித்தார்கள்.

இலக்கு வைத்து நெருக்குவதும் இதே வகைதான், விளைவு மட்டும் இன்னும் மோசம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகள் விற்க வேண்டும் என்ற முனைப்பில் கிளை ஊழியர்களை விரட்டியது. பயந்துபோன ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் இலட்சக்கணக்கில் கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016 செப்டம்பரில் வங்கிக்கு விதித்த அபராதம் 18.5 கோடி டாலர். இது தொடர்பாக ஏறத்தாழ 5,300 பேர் வேலை இழந்தார்கள். நம் ஊரில் வைப்புத்தொகை போட வந்த முதியவர் காப்பீட்டுப் பத்திரத்தோடு வீடு திரும்புவதும் இந்த நெருக்கடியின் பிள்ளைதான். அந்தக் கையெழுத்தை வாங்கிய இளைஞர் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். தன் வேலையை எண்ணித் தானே கூசுகிற ஊழியரால் எந்த நிறுவனத்துக்கும் வாடிக்கையாளரைச் சேர்த்து வைக்க முடியாது.

சம்பளம் கூட்டினால் கட்டுப்படியாகாது என்பார்கள். ஆள் மாறுவதன் செலவைக் கணக்கிட்டுவிட்டுப் பேசுங்கள் என்பேன். காஞ்சிபுரம் கோர்வைக்கும் ஆரணிப் பட்டுக்கும் வேறுபாடு சொல்ல, திருபுவனத்தைத் தொட்டே அறிய, சுங்குடியைக் கேட்டு வருபவருக்குக் கோரா காட்டனையும் எடுத்துக் காட்டத் தோன்ற, புதிதாக வருகிறவருக்கு இரண்டு மூன்று தீபாவளியாவது ஆகும். அதுவரை அவர் சேலையைப் பிரித்துக் காட்டுவார், மடித்து வைப்பார், அவ்வளவுதான். ஆண்டுதோறும் பாதிப்பேர் மாறும் கடையில் சேலையைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் யாருமே மிஞ்ச மாட்டார்கள்.

சிறந்த ஊழியர் விருது, சுவரில் புகைப்படம், ஆண்டுக்கொரு முறை சுற்றுலா இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வார விடுமுறையைக் கடைசி நிமிடத்தில் ரத்து செய்துவிட்டு விருது கொடுத்தால், வாங்குகிறவர் மனத்தில் அது ஏறாது.

இப்போதைக்கு ஒன்றே ஒன்றைச் செய்ய முடியும் என்று கேட்கும் கடைகளுக்கு, தீபாவளி வாரத்தைச் சரிசெய்யுங்கள் என்று சொல்கிறேன். ஊருக்கெல்லாம் புதுத்துணி விற்பவர்கள் தம் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க நேரமில்லாமல், பண்டிகைக்கு முந்தைய நள்ளிரவில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். மனம் கசந்து, போனஸை வாங்கியதும் வேலையை விடுகிறவர்கள் அதிகம் பேர் அந்த வாரத்தில்தான் முடிவெடுக்கிறார்கள் என்பது விலகல் பட்டியல்களைப் பார்த்து நான் அறிந்தது. போனஸைப் பதினைந்து நாட்களுக்கு முன்பே கொடுத்துவிடலாம். கூட்டம் குறைவான ஒரு காலைப் பொழுதை ஊழியர் குடும்பங்களுக்கென்று ஒதுக்கி, அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்துத் துணி காட்டலாம். இரவு பத்து மணிக்கு மேல் வேலை முடித்துப் போகும் பெண்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யலாம். பண்டிகை முடிந்ததும் யார் யாருக்கு எந்த நாள் விடுப்பு என்ற பட்டியலை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள், ஒட்டிய பின் அதில் கைவைக்காதீர்கள். அதன் பிறகு அழையுங்கள், பயிற்சி வகுப்புக்கு வருகிறேன்.