இரண்டு கோடி வாங்கித் தருகிறேன் என்பவரிடம் காசு கட்டாதீர்கள்

போன வாரம் மூன்று பையன்கள் பாளையங்கோட்டையில் உள்ள என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காரர்கள், கபடிக் குழு நடத்துகிறவர்கள். செயலாளருக்கு இருபத்தாறு வயது இருக்கும். ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து ‘ஒதுக்கீட்டுக் கடிதம்’ ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒரு பெரிய கம்பெனியின் சிஎஸ்ஆர் நிதியிலிருந்து, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் நிதியிலிருந்து, அவர்கள் குழுவுக்கு இரண்டு கோடி ரூபாய் ஒதுக்கியாகிவிட்டதாம். அதற்காக ‘பிராசஸிங்’, ‘பத்திரச் செலவு’, ‘டெல்லிச் செலவு’ என்று ஒரு தரகரிடம் மூன்று தவணையாக 1,80,000 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். கடைசித் தவணைக்குச் செயலாளருடைய அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது.

“அவிய பெரிய எடத்து ஆளு சார். மார்ச் முடியதுக்குள்ள பணம் ஏறிரும்னு சொன்னாவ. இப்ப போனையே எடுக்க மாட்டேங்காவ.”

கடிதத்தில் கம்பெனியின் பெயரிலேயே எழுத்துப்பிழை இருந்தது. இந்த வருடத்தில் என்னிடம் இப்படி வந்த நான்காவது குழு இது. ஒன்று முதியோர் இல்லம், ஒன்று கால்பந்துக் குழு, ஒன்று மாலைநேர இலவசப் பாடம் நடத்தும் அமைப்பு, இப்போது இவர்கள். நான்கு பேருமே நல்ல காரியம் செய்கிறவர்கள். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு நினைப்பை உடைக்க வேண்டும். சிஎஸ்ஆர் என்றால் அரசாங்கம் எங்கோ கொட்டி வைத்திருக்கும் பணம், வழி தெரிந்த ஆளைப் பிடித்தால் எடுத்துவிடலாம் என்று ஊர் ஊராக நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்களும் நம்புகிறார்கள். அது அரசாங்கப் பணம் கிடையாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகரச் சொத்து மதிப்போ, விற்றுமுதலோ, லாபமோ குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருட லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பணம் கம்பெனியுடையது, எந்தத் திட்டத்துக்கு என்பதைத் தீர்மானிப்பதும் அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுதான். கொடுத்த பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று அதன் நிதித்துறைத் தலைவர் சான்று கொடுக்க வேண்டும். இதில் தரகர் என்ற ஆளுக்கு எந்த இடத்திலும் நாற்காலி போடப்படவில்லை. ஒதுக்கியாகிவிட்ட பணத்தை வாங்குவதற்கு முன்பணம் கட்டச் சொல்லும் கம்பெனியை என் அனுபவத்தில் நான் பார்த்ததே இல்லை.

“மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் கம்பெனிக்குச் சிக்கல், அதனால் யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டிய அவசரம்” என்று தரகர்கள் சொல்வார்கள். இதைக் கேட்டுத்தான் பலர் சரி என்று தலையாட்டுகிறார்கள். உண்மை என்ன? பல வருடம் நடக்கும் திட்டத்துக்கான பணம் மிஞ்சினால், வருடம் முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு மூன்று வருடத்துக்குள் செலவழிக்கலாம். மற்றப் பணம் மிஞ்சினால் ஆறு மாதத்துக்குள் சட்டம் சொல்லும் பிரதமர் நிவாரண நிதி போன்ற ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே முன்பின் தெரியாத கபடிக் குழுவைத் தேடி மார்ச் மாதம் அலைய வேண்டிய நிலைமை எந்தக் கம்பெனிக்கும் இல்லை.

இதைவிட மோசமான இன்னொரு பேச்சு இருக்கிறது. “ஒரு கோடி உங்கள் கணக்குக்கு வரும், ஐம்பது லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மீதி உங்களுக்கு.” இதை லாபம் என்று நினைத்து என்னிடம் யோசனை கேட்க வந்தவர்கள் உண்டு. தயவுசெய்து கேளுங்கள்: ஒரு கோடிக்கும் ரசீது போடுவது நீங்கள். ஒரு கோடியையும் பிள்ளைகளுக்குச் செலவழித்தோம் என்று கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான். விசாரணை வரும்போது ரொக்கம் வாங்கியவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று பேரின் ஆதார் எண்தான் இருக்கும். வரிவிலக்குப் பதிவும் போகும், போலீஸ் வழக்கும் வரும். அரசு வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பையன்களைத்தான் நாம் பெரும்பாலும் செயலாளர் ஆக்குகிறோம் என்பதையும் யோசியுங்கள்.

சரி, நேர்வழியில் கிடைக்குமா? கிடைக்கும். கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி என்று எழுதியிருக்கிறது. ‘பயிற்சி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊர்க் குழுக்கள் கேட்பது கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடத்தும் இரண்டு நாள் போட்டிக்கு. பரிசுத்தொகை, கோப்பை, மைக்செட், பந்தல். அதற்கு இந்த நிதி வராது. மாரத்தான், விருது விழா மாதிரி ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிகள் இதில் சேராது, திட்டமாக நடக்க வேண்டும் என்று 2014லேயே மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கிவிட்டது. கம்பெனி தன் விளம்பரத்துக்காகச் செய்யும் ஸ்பான்சரும் சிஎஸ்ஆர் கணக்கில் வராது. போட்டிக்கு உள்ளூர்க் கடைக்காரர்களிடம் கேளுங்கள், பேனரில் பெயர் போடுங்கள், அது வேறு விஷயம். 40 பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாள் பயிற்சி, அதில் எத்தனை பேர் பெண் பிள்ளைகள், பயிற்சியாளர் யார், ஒரு பிள்ளைக்கு மாதம் என்ன செலவு என்று எழுதிக் கேளுங்கள். அதைப் படிக்க ஆள் இருக்கிறது. ‘சமுதாய மேம்பாட்டுக்காக அயராது உழைக்கும்’ என்று தொடங்கும் நான்கு பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் நம் தாமிரபரணிப் பக்கத்து மனிதர். அப்படிப்பட்ட சீமையில் பயிற்சிக்கு மேட் இல்லாமல் பிள்ளைகள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். பணம் வரவேண்டும் என்பதில் எனக்கு உங்களைவிடக் குறைந்த ஆசை இல்லை.

ஆனால் தகுதி வேண்டும். கம்பெனி உங்கள் மூலமாகச் செலவு செய்ய வேண்டுமென்றால், நீங்கள் பதிவுபெற்ற சங்கமாகவோ பொது அறக்கட்டளையாகவோ லாப நோக்கமில்லாத 8ஆம் பிரிவுக் கம்பெனியாகவோ இருக்க வேண்டும். 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வருமானவரிப் பதிவு இரண்டும் வேண்டும். அதே மாதிரி வேலையை மூன்று வருடமாவது செய்த அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல், கம்பெனி விவகார அமைச்சகத்திடம் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்கவும் வேண்டும். போன மாதம் தொடங்கிய சங்கத்துக்கு இந்த மாதம் பணம் என்று யார் சொன்னாலும் அது பொய்.

சங்கம் பதிவு செய்வது பெரிய காரியமே இல்லை. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் எல்லாரும் தூங்கிவிடுகிறார்கள். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, எட்டு வருடம் பொதுக்குழுவும் கூட்டாமல், கணக்கும் தாக்கல் செய்யாமல் என்னிடம் வந்து “எல்லாம் பக்காவா இருக்கு சார்” என்பார்கள். நிர்வாகிகளில் ஒருவர் இறந்தே நான்கு வருடம் ஆகியிருக்கும், பதிவாளர் ஏட்டில் அவர்தான் இன்னும் பொருளாளர். தென்காசி 2019இல் தனி மாவட்டம் ஆனது, லெட்டர்பேடில் இன்னும் ‘திருநெல்வேலி மாவட்டம்’. ஒரு தாளில் ஒரு முகவரி, இன்னொரு தாளில் வேறு முகவரி என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

சங்கத்தின் விதிமுறையான பைலாவையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ‘எங்கள் சமுதாய இளைஞர்களின் முன்னேற்றத்துக்காக’ என்று நோக்கத்தில் எழுதியிருக்கும். ஒரு மதத்துக்கோ ஒரு சாதிக்கோ மட்டும் என்று இருந்தால் 80ஜி கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கென்று தொடங்கிய அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. சட்டத்தை விடுங்கள், களத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளையும் சேர்த்து ஆடவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கொடைக் கணக்கையும் குழுக் கணக்கையும் ஒரே வங்கிக் கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 80ஜி பெற்ற அமைப்பு தன் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியத்துக்குச் செலவழிக்கக்கூடாது. கொடைக்கு வேறு கணக்கு வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணத்திலும் கவனம் வேண்டும். துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாகத் தன் சொந்தப் பணத்தை அனுப்பினால் பிரச்சினை இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பாசத்தில் அனுப்பினார் என்பது பதில் ஆகாது.

அரசு வழியும் இருக்கிறது. ஆடும் பிள்ளை தனி ஆளாக வெளியூர்ப் போட்டிக்குப் போகவோ உபகரணம் வாங்கவோ தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். மைதானம், சுற்றுச்சுவர் மாதிரி வேலைகளுக்கு, மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டம் உண்டு. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்கு ஒரு நடை போய் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்துக் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் தகவலுக்குத்தான் பலர் தரகருக்கு இருபதாயிரம் கொடுக்கிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது இந்தப் பையன்கள்தான் டயரையும் கயிற்றையும் வைத்து ஆட்களை மீட்டார்கள். நாள்கணக்கில் சோறு பொங்கிப் போட்டார்கள். எத்தனை பேருக்கு, என்ன செலவில், யார் கொடுத்த அரிசியில்? ஒரு வரி எழுதி வைக்கவில்லை. ‘செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது’ என்ற வளர்ப்பு. அந்த மனதை நான் வணங்குகிறேன். ஆனால் கம்பெனிக்காரர் கேட்கும் மூன்று வருட அனுபவம் என்பது வேறு ஒன்றும் இல்லை, இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, வேலை, ஆள் எண்ணிக்கை, செலவு என்று எழுதி, பில்லைக் குண்டூசி குத்தி வைத்தால் போதும். வெள்ளத்தில் தீர்மானப் புத்தகம் நனைந்துபோன சங்கங்கள் புதுப் புத்தகம் போட்டு, பழையது போனதையே முதல் தீர்மானமாக எழுதுங்கள். பழைய தேதி போட்டுப் புதிதாகத் தயாரிக்க வேண்டாம்.

தணிக்கை அறிக்கையையும் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதில் ஆடிட்டர் கையெழுத்துக்குப் பக்கத்தில் 18 இலக்க யூடிஐஎன் எண் (ஒவ்வொரு சான்றுக்கும் தனியாகக் கிடைக்கும் அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் கழகத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு யாரும் சரிபார்க்கலாம். அந்தப் பையன்கள் கொண்டுவந்த அறிக்கையில் எண் இருந்தது, ஆனால் அது வேறு யாருக்கோ கொடுத்த சான்றின் எண். கம்பெனியின் பெயர் சொன்னால், சொந்த இணையதளத்தில் அதன் சிஎஸ்ஆர் கொள்கையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களும் இருக்கும். பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், கம்பெனி அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். வெற்று லெட்டர்பேடிலோ காசோலையிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், இன்று மதியத்துக்குள் வங்கிக்குப் போய் அந்தக் காசோலை எண்களை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். லெட்டர்பேட் போனதைப் பற்றிக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த மூன்று பையன்களும் இதைச் செய்யத்தான் என் அலுவலகத்திலிருந்து நேராக வங்கிக்குப் போனார்கள்.