மேலேயே கியரைக் குறையுங்கள்

போன செப்டம்பர் கடைசி, ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும் வாரம். ஒரு மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியை, இழுவை வண்டியில் கட்டி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே எழுபதை நெருங்கும் கணவன் மனைவி, ஃப்ளோரிடாக்காரர்கள். அந்த மாநிலத்தின் மிக உயரமான இடமே 345 அடிதான். இவர்கள் அன்று இறங்கி வந்ததோ 11,000 அடிக்கு மேலிருந்து.

நான் ஆர்.வி. மெக்கானிக். இந்த மாதிரி வீட்டு வண்டிகளைத்தான் ஆர்.வி. என்பார்கள். கொலராடோவில் சில்வர்தோர்ன் பக்கம் வேலை. டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே வந்தால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வரும். 1973இல் திறந்தது, 11,158 அடி உயரம். அதைத் தாண்டி வெளியே வந்ததும் சாலை ஏறக்குறைய எட்டு மைலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். சரிவு 7 சதவீதம் வரை, அதாவது நூறு அடிக்கு ஏழு அடி. அகலமான, நேரான, அழகான சாலை. அதனால்தான் ஏமாற்றுகிறது. கொண்டை ஊசி வளைவாக இருந்தால் பயந்தாவது மெதுவாகப் போவோம்.

பாதி வழியில் மனைவிக்கு ஏதோ கருகும் வாசம் அடித்திருக்கிறது. சொன்னார். “முன்னால் போகிற லாரியிலிருந்து வருது” என்றிருக்கிறார் கணவர். இன்னும் இரண்டு மைலில் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. கியரைக் கீழே தட்டி, ஓரத்தில் ஏற்றி, எப்படியோ நிறுத்திவிட்டார். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக நின்றது. “சரியாகிவிட்டது, போகலாம்” என்றாராம். அந்த அம்மா வண்டியில் ஏறவே மாட்டேன் என்று சாலையோரம் நின்றுகொண்டு இழுவை வண்டிக்கு போன் செய்திருக்கிறார். அன்றைக்கு இரண்டு பேரையும் காப்பாற்றியது அந்தப் பிடிவாதம்தான் என்று நினைக்கிறேன்.

சக்கரத்தைக் கழற்றினேன். முன் பிரேக் பேட்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. விரல் வைத்தால் வழுக்குகிறது. டிஸ்க்கில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக நிறம். இரும்பு அந்த நிறத்துக்கு வர எவ்வளவு சூடு வேண்டும் என்று கொல்லர் பட்டறை பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரேக் ஆயில் டீ டிக்காஷன் போல இருந்தது.

வண்டி ஆறு டன். அந்த இறக்கத்தில் சுமார் 650 மீட்டர் கீழே வருகிறது. அதில் வெளியாகும் சக்தியை அப்படியே சூடாக்கினால் நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக். இவர் கியரைக் குறைக்காமல், ஆட்டோமேட்டிக்கின் வழக்கமான ‘டி’யிலேயே முழுதும் வந்திருக்கிறார். காலை லேசாகப் பெடலில் வைத்தபடியே எட்டு மைல். மெதுவாகப் போகிறோம், பத்திரமாகத்தானே போகிறோம் என்ற நினைப்பு. ஆனால் லேசாக மிதித்துக்கொண்டே இருந்தால் பிரேக் ஆற நேரமே கிடையாது.

எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று நம் ஊர் மலைப்பாதை டிரைவர்கள் சொல்வார்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் அதுதான் சட்டம். பல வண்டிகளில் கியர் கம்பியின் நுனியில் ‘டோ-ஹால்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். டிரெய்லர் இழுக்க மட்டும்தான் என்று பலர் அதைத் தொடுவதே இல்லை. அழுத்தினால் இறக்கத்தில் கியர் தானாக எளிதில் மேலே ஏறாது. உச்சியிலேயே, வண்டி வேகம் பிடிக்கும் முன்பே, அதை அழுத்தி கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி இறக்கத்தில் செய்யலாம் என்று விட்டால் எஞ்சின் அலறும், வேகம் குறையாது. அப்புறம் 40 மைல் உங்கள் எல்லை என்று வைத்துக்கொண்டால், 40 தொட்டதும் அழுத்தமாக மிதித்து 35க்குக் கொண்டுவாருங்கள், மூன்று விநாடி போதும். காலை முழுதாக எடுத்துவிடுங்கள். திரும்ப 40 வந்தால் திரும்ப அதே.

இதையும் மீறிப் பிரேக் போய்விட்டால், லாரிகளுக்கென்று சாலையோரம் ஜல்லி கொட்டிய அவசர ஏற்றம் இருக்கும். ஆர்.வி.க்கும் அது உண்டு, கூச்சப்பட வேண்டாம். இழுத்தெடுக்கச் செலவாகும், அவ்வளவுதான். புகை வந்து நிறுத்தினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பெடல் ஏன் திரும்பி வந்தது? பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ், மிதித்தால் காற்றை அமுக்குவதுபோல உள்ளே போகும். ஆறினால் குமிழ் மறைந்து பெடல் கெட்டியாகிவிடும், அடுத்த சூடு வரைக்கும். “வண்டி 18,000 மைல்தான் ஓடியிருக்கு” என்றார் அவர். மைல் பார்த்து என்ன பயன்? ஆர்.வி. வருஷத்தில் முக்கால்வாசி நாள் நின்றுகொண்டிருக்கும் வண்டி. ஆயிலையும் டயரையும் காலண்டர் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். டயரில் டாட் எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம்.

எடையும்தான். 40 கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 150 கிலோ. அவர்கள் அதை ஃப்ளோரிடாவிலிருந்தே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்கள்!

ஆயில், பேட், டிஸ்க் எல்லாம் மாற்ற இரண்டு நாள் ஆனது. அடுத்து மில்லியன் டாலர் நெடுஞ்சாலை போகிறோம் என்றார்கள். யூரேயிலிருந்து சில்வர்டன் போகும் யு.எஸ். 550. பனியைப் பள்ளத்தில் தள்ள வேண்டும் என்பதால் பல இடங்களில் தடுப்புக் கம்பியே கிடையாது. யூரேயிலிருந்து தெற்கே போனால் பள்ளத்தின் ஓரம் நம் பக்கம். சில்வர்டனிலிருந்து வந்தால் மலைச்சுவர் நம் பக்கம், ஆனால் 11,018 அடியிலிருந்து 7,800 அடிக்கு நீள இறக்கம். எது தேவலை என்று கேட்டார்கள். நானாக இருந்தால் ஆர்.வி.யை முகாமில் விட்டுவிட்டு காரில் போவேன் என்றேன். கணவருக்கு அது ரசிக்கவில்லை.

கிளம்பும் அன்று ஓட்டுநர் இருக்கையில் அந்த அம்மாதான். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப், அதில் பேனாவால் பெரிதாக ‘2’. சாவியை வாங்கிக்கொண்டு, டோ-ஹால் பொத்தான் எங்கே என்று என்னிடம் இன்னொரு தடவை கேட்டார்.