வீக்கம் இல்லையே என்று கிளம்பிவிடாதீர்கள்

ஆகஸ்ட் மாதம், ராத்திரி பத்தரை இருக்கும். லாஸ் வேகாஸ் போகிற வழியில் காரை ஓரங்கட்டிவிட்டுப் புதர்ப்பக்கம் ஒதுங்கிய தமிழர் ஒருவரை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். காலில் ரப்பர் செருப்பு. கணுக்காலுக்கு மேல் இரண்டு புள்ளிகள், சுற்றி லேசான சிவப்பு, அவ்வளவுதான். "முள்ளு குத்தியிருக்கும் டாக்டர், சத்தம்கூட எதுவும் கேக்கல" என்றார். வலி அடங்கிவிட்டதே, கிளம்பலாமா என்று மனைவி கேட்டார். இருக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கண்ணைத் திறக்கச் சொன்னாலும் இமை பாதிதான் ஏறுகிறது. நாக்கு குழறுகிறது.

கடித்தது மொஹாவி கிலுகிலுப்பைப் பாம்பு. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்திலிருந்து அரிசோனா வழியாக மத்திய மெக்சிகோ வரை இருக்கும் விரியன் இனம். பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு உட்பட்ட நீளம்தான். சிலவற்றின் உடம்பில் பச்சை சாயல் இருப்பதால் இந்த ஊர்க்காரர்கள் 'மொஹாவி கிரீன்' என்பார்கள். பாறை இடுக்கைவிடக் கிரியோசோட் புதர்கள் தள்ளித்தள்ளி நிற்கும் சமவெளிதான் இதற்குப் பிடிக்கும். சாலையோரம் நாம் வண்டியை நிறுத்துகிற இடமும் அதுதானே!

குளிர்காலத்தை எலி வளைக்குள் கழித்துவிட்டு வசந்தத்தில் வெளியே வரும். கோடையில் பகல் வெயில் அதற்கும் தாங்காது, அதனால் இரவில்தான் நடமாட்டம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள குழியால் எலியின் உடல் சூட்டை உணர்ந்து இருட்டிலும் குறி பார்க்கும். கங்காரு எலி என்று ஒன்று இருக்கிறது. பாம்பு பாயும் கணத்தில் அது எம்பிக் குதித்துத் தப்பிப்பதைப் படமெடுத்தே வைத்திருக்கிறார்கள், கிடைத்தால் பாருங்கள். நம் கண்ணாடிவிரியன் போல இதுவும் முட்டையிடாது, குட்டிதான் போடும்.

வாலிலுள்ள கிலுகிலுப்பை நம் நகம் போன்ற பொருள்தான். தோலுரிக்கும்போதெல்லாம் ஒரு கண்ணி கூடும். பழையவை உடைந்தும் விழும். அதனால் கண்ணியை எண்ணி வயது சொல்வது சும்மா கதை. பிறந்த குட்டிக்கு ஒரே ஒரு குமிழ், ஆட்டினாலும் சத்தம் வராது. பெரிய பாம்பும் அசையாமல் ஒளிந்துகொள்ளத்தான் முதலில் பார்க்கும். சத்தம் கேட்கவில்லை என்பதற்காகப் பாம்பு இல்லை என்று ஆகிவிடாது.

விஷத்திலும் ஒரே இனத்துக்குள் இரண்டு வகை. மத்திய அரிசோனாவின் சில பகுதிகளில் உள்ளவை கடித்தால் வீக்கம், ரத்தக்கசிவு என்று கண்ணுக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பாம்புகளிடம் இருப்பது நரம்பு நுனியைத் தாக்கும் மொஹாவி நஞ்சு. கடிவாய் சாதுவாக இருக்க, மூச்சுத் தசை தளரும். கட்டுவிரியன் கடியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நரம்பில் ஏறிவிட்ட நஞ்சை மருந்தால் சட்டென்று இறக்க முடியாது, அதனால்தான் அவசரம். அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது. இறப்பவர்கள் சுமார் 5 பேர். நேரத்தோடு மருத்துவமனைக்கு வந்துவிடுவது அதற்கு ஒரு பெரிய காரணம். நம்மவர் மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

கடித்தால் உடனே 911 என்ற அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். ஊரிலிருந்து மருந்து வரவழைக்கலாமா என்று ஒரு தாத்தா கேட்டார். அது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கானது, இங்கே உதவாது. அப்புறம், பாம்பை அடித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவராதீர்கள். வெட்டுப்பட்ட தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும். எந்தக் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்திருந்தாலும் நாங்கள் கொடுக்கப்போவது ஒரே மருந்துதான்.