கைக்கு ஒன்றுமில்லை, கால் மட்டும் ஏன் விறைக்கிறது?

"அப்பாவுக்கு 40 வயதில் கால் விறைத்தது. இப்போது எனக்கும். கை நன்றாகத்தான் இருக்கிறது, கால் மட்டும் ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மருத்துவர்கள் எச்.எஸ்.பி. என்று சுருக்கிச் சொல்லும் பரம்பரைக் கால் விறைப்பு நோய் இது. 1880இல் அடால்ஃப் ஸ்ட்ரூம்பெல் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்தார்.

காரணம் நீளம்தான். காலை அசைக்கும் கட்டளை மூளையில் கிளம்பி, தண்டுவடத்தின் அடிப்பகுதி வரை ஒரே நரம்பிழையில் இறங்குகிறது. அது அரை மீட்டருக்கு மேல். கைக்கான இழையோ கழுத்தோடு நின்றுவிடும். இழையின் நுனிக்குத் தேவையான சரக்கு பெரும்பாலும் மூளையிலுள்ள நரம்பணுவின் உடலிலிருந்துதான் போகவேண்டும். அதைச் சுமக்கும் கைனெசின் என்ற புரதம், நுண்குழல் என்னும் தண்டவாளத்தின் மீது ஓர் எட்டு வைத்தால் 8 நானோமீட்டர் என்ற கணக்கில் நடக்கிறது. மிக வேகமான சரக்கே நாளுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான் நகரும். பாதை கொஞ்சம் பழுதானாலும் முதலில் பட்டினி கிடப்பது கால் இழையின் நுனி.

பழுது எப்படி வருகிறது? இந்நோயில் அதிகம் காணப்படுவது ஸ்பாஸ்டின் மரபணுக் கோளாறு, 1999இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மரபணு தரும் ஸ்பாஸ்டின் என்ற புரதத்தின் மூலக்கூறுகள் ஆறு சேர்ந்து மோதிரம்போல் வளையமாகின்றன. நுண்குழலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வால் ஒன்றைப் பிடித்து, வளையத்தின் நடு ஓட்டை வழியே இழுத்து, செங்கல் உருவுவதுபோல் ஒரு துண்டைப் பிடுங்குகின்றன. குழல் அறுகிறது, அல்லது அந்த இடத்தில் புதுத்துண்டு வந்து அமர்கிறது. அறுப்பதுதான் பாதையைப் புதுப்பிக்கும் வேலையும்! அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதிய ஸ்பாஸ்டின் கிடைப்பதில்லை. அதனால்தான் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. இதைக் குலசாபம் என்று பரிகாரத்துக்குச் செலவழிப்பது கொடுமை. அந்தப் பணம் மரபணுச் சோதனைக்கும் பிசியோதெரபிக்கும் போகட்டும். அந்தச் சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தசையை இழுத்தால் அது தானாகச் சுருங்கும். அந்த அனிச்சையை அடக்கிவைப்பது மூளையின் கட்டளை. கட்டளை குறைந்தால் தசை சட்டென்று இறுகும். ஆகவே கெண்டைக்காலை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் பதித்து, முழங்காலை நீட்டி 30 விநாடி மெதுவாக நில்லுங்கள். பிறகு முழங்காலைச் சற்று மடக்கி இன்னொரு 30 விநாடி. உள்ளே இருக்கும் தசைக்கு அதுதான் எட்டும்.

விறைப்பைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரையைப் பெரும்பாலும் 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை என்று தொடங்கி, மருத்துவர் படிப்படியாகக் கூட்டுவார். அளவு மிஞ்சினால் கால் துவளும், ஏனென்றால் பலவீனமான காலைத் தாங்கி நிறுத்துவதில் அந்த விறைப்புக்கும் பங்கு உண்டு. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

செருப்பைத் திருப்பிப் பாருங்கள். முன்முனை மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் தூக்காமல் தரையில் உரசுகிறது என்று பொருள். கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை பற்றி மருத்துவரிடம் கேட்கவேண்டிய நேரம் அதுதான், முதல் தடவை தடுக்கி விழுந்த பிறகு அல்ல.